தலைப்பு வைக்கும் முன்: கல்லூரி வடிவமைப்பு புராஜெக்டின் முதல் நான்கு வாரங்கள்

புராஜெக்ட் செமஸ்டர் தொடங்கியதும் துறையில் முதலில் கேட்பது தலைப்பைத்தான். படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கும், ஜீரோத் ரிவ்யூவுக்கு, அதாவது தலைப்பைப் பார்க்கும் தொடக்க மதிப்பீட்டுக்கு, தேதியும் குறித்திருப்பார்கள். பேட்சில், அதாவது சேர்ந்து புராஜெக்ட் செய்யும் குழுவில், ஒருவர் போன வருஷத்து சீனியர்களின் பட்டியலைப் புரட்டுவார். "ஸ்மார்ட்", "ஐஓடி", "சோலார்" மூன்றில் ஏதோ ஒன்று முன்னால் வந்து உட்காரும். கருவி இன்னதென்று அன்றே முடிவாகிவிடும். அதற்குப் பிறகு செய்கிற கள ஆய்வெல்லாம் அந்த முடிவுக்குச் சாட்சி தேடுகிற வேலையாகத்தான் இருக்கும்.

இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. வேலையைப் பார்ப்பது முதலில், தேவையை எழுதுவது அடுத்து, யோசனை அதற்கும் பின்னால். முதல் நான்கு வாரங்களுக்கான நடைமுறை இது. இயந்திரவியல், கட்டடக்கலை, பொருள் வடிவமைப்பு என்று எந்தத் துறைக்கும் பொருந்தும். விளக்கத்துக்காக ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை கொண்டுபோகிறோம்: முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கம் பெண்கள் வீட்டிலிருந்தபடி செய்யும் பீடி சுற்றும் வேலை. திருநெல்வேலிக் கல்லூரி எதிலும் வகுப்பில் கேட்டுப் பாருங்கள், யாராவது ஒருவருடைய அம்மாவோ அத்தையோ சுற்றுவார்கள்.

படிவத்தில் என்ன எழுதுவது

கட்டத்தைக் காலியாக விட முடியாது. கருவியின் பெயரை எழுதாமல் வேலையின் பெயரை எழுதுங்கள். "பீடி சுற்றுவோருக்கான மடக்கு நாற்காலி" என்று எழுதினால் நாற்காலியில் மாட்டிக்கொண்டீர்கள். "வீட்டில் பீடி சுற்றும் பணியில் உடல் சிரமத்தைக் குறைத்தல்: வடிவமைப்பு ஆய்வு" என்றால் இருக்கை, தட்டு, வெளிச்சம், இலை வெட்டும் முறை எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. கைடு "புராடக்ட் என்ன?" என்று கேட்பார். முதல் ரிவ்யூவில் மூன்று மாதிரிகளோடு வருகிறோம் என்று சொல்லுங்கள். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள், இரண்டாவது அவகாசம் கிடைக்காது.

களத்தைத் தேர்வது

நல்ல களத்துக்கு மூன்று சோதனைகள். ஒரு மணி நேரப் பஸ் பயணத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் நான்கு வாரத்தில் நான்கு தடவையாவது போக வேண்டும். நீங்கள் போகும் நேரத்தில் வேலை நடந்துகொண்டிருக்க வேண்டும். உங்களை உட்காரவிடும் ஒரு வீடோ பட்டறையோ முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது சோதனையில்தான் பலர் சறுக்குவார்கள். இறுதியாண்டு புராஜெக்ட் தை வாக்கில் தொடங்குகிறது. பிசானப் பருவ நெல் மாசி, பங்குனியில் அறுப்புக்கு வரும், ஆகவே அறுவடை, களம், தூற்றுதல் சார்ந்த வேலையைக் கண்ணால் பார்க்கலாம். இன்னொரு நெல் பருவமான கார் சாகுபடி அப்போது கிடையாது. பதநீர் இறக்குவது மாசி, பங்குனியில் தொடங்கி ஆடிவரை போகும். உவரி, உடன்குடிப் பக்கம் பனையேறும் வேலையைப் பார்க்க நினைப்பவர்கள் தை முதல் வாரத்தில் போனால் பாளை சீவும் ஆளைப் பார்ப்பதே அபூர்வம். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையோடு பெரும்பாலும் அடங்கிவிடும். 2023 டிசம்பர் 17, 18-இல் தென் மாவட்டங்களில் வந்த வெள்ளத்தைப் போல ஒன்றை எடுத்துக்கொள்பவர்கள் நினைவிலிருந்து சொல்வதைத்தான் கேட்க முடியும், பார்க்க முடியாது. அது வேறு வகை ஆய்வு. பத்தமடைப் பாய், காருகுறிச்சி மண்பாண்டம், பீடி மூன்றும் வருஷம் முழுக்க நடப்பவை. அவசரத்தில் தேர்வதானால் இப்படி ஒன்றை எடுப்பதுதான் பாதுகாப்பு.

முதல் வாரம்: போ, பார், பேசாதே

களத்துக்குப் போகும் முன் ஒரு நாள் படித்தால் போதும். இலை எங்கிருந்து வருகிறது (மத்திய இந்தியக் காடுகளின் தெந்து இலை), கூலி எப்படிக் கணக்கிடுகிறார்கள் (ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று), ஒரு கட்டுக்கு எத்தனை பீடி (25) என்ற அளவுக்குத் தெரிந்தால் சரி. ஏற்கெனவே என்னென்ன கருவி உண்டு என்று இப்போது தேடாதீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. டேவிட் ஜான்சனும் ஸ்டீவன் ஸ்மித்தும் 1991-இல் வெளியிட்ட சோதனைகளில், தொடக்கத்திலேயே ஒரு மாதிரி வரைபடத்தைப் பார்த்த வடிவமைப்பாளர்கள் அதன் அம்சங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார்கள், அதிலிருந்த குறைகளையும் சேர்த்து. யூடியூபில் நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போனால் திண்ணையில் உங்கள் கண்ணுக்கு நாற்காலி இல்லாத குறை மட்டும்தான் தெரியும்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: கோடு போடாத நோட்டு, 5 மீட்டர் டேப், சமையலறை எடைத் தராசு, போனில் ஸ்டாப்வாட்ச். நோட்டின் இடப்பக்கத்தில் கண்ட காட்சி மட்டும், வலப்பக்கத்தில் உங்கள் ஊகம். "சுளகை (முறத்தை) மடியில் வைத்திருக்கிறார், இடது முழங்கால் மடங்கியிருக்கிறது" என்பது இடப்பக்கம். "மேசை இல்லாததால் கஷ்டப்படுகிறார்" என்பது வலப்பக்கம். இரண்டையும் கலந்து எழுதினால் மூன்றாம் வாரத்தில் எது பார்த்தது, எது நினைத்தது என்று பிரிக்கவே முடியாது.

பார்க்க வேண்டியவை நிறைய. முந்தின இரவு நனைத்த இலையை ஈரச் சாக்கில் எப்படிச் சுற்றி வைக்கிறார்? அளவுத் தகட்டை வைத்து வெட்டும்போது கத்தரி எந்த விரலில் அழுந்துகிறது? புகையிலைத் தூள் எங்கே சிந்துகிறது? நூலைக் கட்டியதும் நுனியை எதால் மடக்குகிறார்? எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை உட்காரும் விதத்தை மாற்றுகிறார்? எதற்காக எழுந்திருக்கிறார், அடுப்புக்கா, பிள்ளைக்கா, தண்ணீர்க் குழாய்க்கா? எழும்போது சுளகை எங்கே வைக்கிறார்? கடைசிக் கேள்விக்கான பதிலில் பாதி வடிவமைப்பே இருக்கலாம்.

நேரம் அளப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு பீடிக்கு அளக்காதீர்கள், நீங்கள் பார்க்கிறீர்கள் என்றதும் கை வேகமாகும். ஒரு முழுக் கட்டுக்கு, அதாவது 25 பீடிக்கு, மூன்று தடவை அளந்து நடுவிலுள்ள எண்ணை எடுங்கள். இலை வெட்டும் நேரத்தை வேறாக அளந்து பங்கு போட்டுச் சேருங்கள். ஒருவர் 8 மணி நேரத்தில் 800 பீடி முடிக்கிறார் என்று வைத்துக்கொண்டால், எல்லா வேலையும் சேர்த்து ஒரு பீடிக்கு 36 விநாடி. உங்கள் கருவி அதில் வெறும் 3 விநாடி கூட்டினாலும் 800 பீடிக்கு 40 நிமிஷம் கூடுதல். அதே 8 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டுமானால் 62 பீடி குறையும், அது நேரே கூலியில் விழும். முதுகுவலி தீர்ந்தாலும் அந்தக் கருவி பரணுக்குத்தான் போகும்.

போட்டோ எடுக்க அனுமதி கேளுங்கள். கிடைத்தாலும் கையையும் பொருளையும் எடுங்கள், முகம் வேண்டாம், பிள்ளைகள் வேண்டவே வேண்டாம். பையன்கள் மட்டும் உள்ள பேட்ச் என்றால் அந்தத் தெருவைச் சேர்ந்த வகுப்புத் தோழியோடு போவதுதான் முறை. இலையும் தூளும் கொடுத்துச் சுற்றிய பீடியை வாங்கிக்கொள்ளும் பீடிக்கடைக்காரர் மூலமாக அறிமுகமாகாதீர்கள். இலையின் தரம் பற்றியோ கழித்துத் தள்ளும் பீடி பற்றியோ உங்களை அவர் ஆளென்று நினைத்துவிட்ட ஒருவர் வாய் திறக்க மாட்டார். அன்றன்றைக் குறிப்பை அன்று இரவே விரித்து எழுதிவிடுங்கள். மறுநாள் உங்களுக்கே புரியாத சுருக்கெழுத்து அது.

இரண்டாம் வாரம்: பேச்சு

கூகுள் ஃபார்ம் அனுப்பி 100 பதில் வாங்கி வட்டப்படம் போடுவதை ரிவ்யூவில் ரசிப்பார்கள். வடிவமைப்புக்கு அதனால் பயன் குறைவு. "முதுகு வலிக்கிறதா? ஆம்: 84 பேர்" என்பதிலிருந்து எந்த வரைபடமும் பிறக்காது. நேரில் பேசுங்கள். எத்தனை பேரிடம்? அபி கிரிஃபினும் ஜான் ஹவுசரும் 1993-இல் கணக்கிட்டபடி, ஒரு பொருளுக்கான தேவைகளில் 90 முதல் 95 சதவீதத்தைக் கண்டெடுக்க 20 முதல் 30 பேட்டிகள் வேண்டும். நால்வர் பேட்சுக்கு அவ்வளவு நேரம் கிடைக்காது, 10 பேரை நன்றாகத் தேர்ந்தெடுங்கள். 20 வருஷம் சுற்றியவர் மூவர், புதிதாகக் கற்பவர் இருவர், இடக்கைக்காரர் ஒருவர் கிடைத்தால் அவர், வலி தாங்காமல் விட்டுவிட்டவர் இருவர், மீதிக்கு யாரும். விட்டவர்களைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். எங்கே முறிந்தது என்பதைத் தயங்காமல் சொல்பவர்கள் அவர்கள்தான்.

"இப்படி ஒரு கருவி இருந்தால் நல்லா இருக்குமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். வீட்டுக்கு வந்த படிக்கிற பிள்ளையிடம் யாரும் "நல்லா இருக்காது" என்று சொல்ல மாட்டார்கள். நடந்ததைக் கேளுங்கள். "நேத்து எத்தனை மணிக்கு உக்காந்திய? முதல்ல எப்பம் எந்திரிச்சிய? எதுக்கு?" "கடைசியா எப்பம் பீடியைக் கழிச்சாவ? என்ன சொல்லிக் கழிச்சாவ?" "வலி வந்தா என்ன பண்ணுவிய?" பதில் வந்ததும் நான்கு விநாடி சும்மா இருங்கள், அடுத்த வாக்கியம் தானாக வரும். பெரும்பாலும் அந்த இரண்டாவது வாக்கியம்தான் உண்மையானது. அக்கா, அத்தை, ஆச்சி என்று அந்தத் தெருவில் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே கூப்பிடுங்கள். "மேடம்" என்றால் சர்வே எடுக்க வந்தவராகிவிடுவீர்கள்.

இன்னொன்றையும் தேடுங்கள்: அவர்களே செய்துகொண்ட ஒட்டுவேலை. சுவரோரம் உருட்டி வைத்த தலையணை, முழங்காலுக்கடியில் மடித்த கோணி, விரலில் சுற்றிய பழைய துணி. ஒருவர் யாரும் சொல்லாமல் செய்துகொண்ட ஒவ்வொரு ஒட்டுவேலையும் எழுதப்படாத ஒரு தேவை. அதையும் அளந்து வரையுங்கள், அந்தத் தலையணையின் உயரம் பின்னால் உங்களுக்கு வேண்டியிருக்கும்.

சீட்டுகளைப் பரப்புவது

இப்போது 10 பேட்டியும் நான்கைந்து பார்வைக் குறிப்பும் கையில் இருக்கும். ஒவ்வொரு தகவலையும் ஒரு சீட்டில் எழுதுங்கள், ஒரு சீட்டில் ஒரு செய்திதான். 80 முதல் 150 சீட்டு வரும். 40-க்குக் கீழே நின்றால் குறிப்பு போதவில்லை, களத்துக்குத் திரும்புங்கள். தரையில் பரப்பி, நெருங்கிய சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் தள்ளுங்கள். ஜப்பானிய மானுடவியலாளர் ஜிரோ கவாகிதா வகுத்த முறை இது. இதில் நடக்கும் பெரிய தவறு, "பொருளாதாரம்", "சமூகம்", "தொழில்நுட்பம்" என்று முதலில் தலைப்பு எழுதிவிட்டுச் சீட்டுகளை அதற்குள் திணிப்பது. குவியல் முதலில் உருவாகட்டும், பெயர் பிறகு. பெயரும் முழு வாக்கியமாக இருக்கட்டும். "சுளகு" என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. "தூள் சிந்தாமல் இருக்கச் சுளகு உடம்போடு ஒட்டியிருக்க வேண்டியிருக்கிறது" என்றால் மேசை ஏன் தோற்கும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

எந்தக் குவியலிலும் சேராத சீட்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். ஓரமாக ஒட்டி வையுங்கள்.

மூன்றாம் வாரம்: தேவைப் பட்டியல்

குவியல்களிலிருந்து 8 முதல் 12 தேவைகள் எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், அந்த எண் எங்கிருந்து வந்தது, எப்படிச் சோதிப்போம் என்ற மூன்றும் வேண்டும். "எளிதாகப் பயன்படுத்தலாம்", "குறைந்த விலை" இரண்டும் தேவைகள் ஆகா. கீழே உள்ளது போல இருக்கட்டும்:

- 25 பீடிக் கட்டுக்கான நேரம் இப்போதிருப்பதைவிடக் கூடக் கூடாது (களத்தில் அளந்தது; மூன்று கட்டு சுற்றிச் சோதிக்கலாம்).
- எழுந்து போகும்போது ஒரே கையால், தூள் சிந்தாமல் ஒதுக்கி வைக்க முடிய வேண்டும் (பார்வைக் குறிப்பு).
- விலை, அவர் சொன்ன ஒரு வாரக் கூலியைத் தாண்டக் கூடாது (பேட்டி).
- இரவில் சுவரோரம் சாய்த்தால், அளந்த அறையில் பாய் விரிக்க இடம் மிஞ்ச வேண்டும்.

உடல் அளவுக்குச் சராசரியைப் போடாதீர்கள். சராசரி உயரத்துக்குச் செய்த தட்டு பாதிப் பேருக்கு உயரமாகவும் மீதிப் பேருக்குத் தாழ்வாகவும் போகும். மிகச் சிறிய 5 சதவீதத்தையும் மிகப் பெரிய 5 சதவீதத்தையும் விட்டு, இடைப்பட்டவர் அனைவருக்கும் பொருந்தப் பாருங்கள். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் இந்திய உடலளவு அட்டவணைகளை வெளியிட்டிருக்கிறது, கல்லூரி நூலகத்தில் கேளுங்கள். வெளிநாட்டு அட்டவணை வேண்டாம். தரையில் சம்மணமிட்டு உட்காரும் அளவுகள் அவற்றில் பெரும்பாலும் இருக்காது.

ரிவ்யூவில் ஒருவராவது கேட்பார்: "புகையிலைத் தொழிலுக்கு ஏன் உதவ வேண்டும்?" நியாயமான கேள்விதான். விற்பனையைக் கூட்டும் தேவை எதுவும் பட்டியலில் இல்லை, சுற்றுபவரின் உடம்பு மட்டும்தான் இருக்கிறது என்பதை அந்தப் பட்டியலைக் காட்டியே சொல்லிவிடலாம். தூளிலுள்ள நிகோடின் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகிறது. உடனே "கையுறை" என்று எழுதத் தோன்றும். விரல் நுனி உணர்வில்லாமல் இந்த வேலையே நடக்காது என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஏற்கெனவே இருப்பதைத் தேடுவது

தேவை எழுதி முடித்த பிறகு தேடுவதால், கண்டதை எடைபோட இப்போது ஒரு தராசு இருக்கிறது. ஆய்வேடுகளுக்கு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்கா. காப்புரிமைக்கு இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இலவசத் தேடுதளமும் கூகுள் பேட்டன்ட்ஸும். சொல்லை மட்டும் வைத்துத் தேடினால் பாதி தப்பிவிடும், காப்புரிமைகளைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் வகைப்பாட்டு எண்ணை வைத்தும் தேடுங்கள். நாற்காலி, இருக்கை வகை ஏ47சி (A47C). மேசை, தட்டுத் தாங்கி வகை ஏ47பி (A47B). ஒவ்வொன்றிலும் சுருக்கத்தைப் படித்துவிட்டு விடாமல் உரிமைக்கோரல்களில் முதலாவதைப் படியுங்கள், காப்பு எதற்கு என்பது அங்கேதான் இருக்கிறது. காப்புரிமை, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுதான். அதைத் தாண்டியவை எல்லோருக்கும் பொது, தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். 15 ஆவணம் போதும். ஒவ்வொன்றும் உங்கள் பட்டியலில் எதை நிறைவேற்றுகிறது, எங்கே தவறுகிறது என்று ஒரு வரி.

யோசனை கூட்டுவது

கேன்டீனில் நால்வர் உட்கார்ந்து ஆளாளுக்குச் சொல்வதைத்தான் பலரும் பிரெய்ன்ஸ்டார்மிங் என்கிறார்கள். அமெரிக்க விளம்பரத்துறைக்காரர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் 1950-களில் இதைப் பரப்பினார்: குறை சொல்லாதே, எண்ணிக்கையைக் கூட்டு, விசித்திரமானதை வரவேற்பாய், பிறர் யோசனை மேல் கட்டு. விதிகள் நல்லவை, கூட்டமாக உட்காருவதில்தான் சிக்கல். 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், தனித்தனியே யோசித்த நால்வரின் யோசனைகளைச் சேர்த்தபோது, கூடிப் பேசிய நால்வர் தந்ததைவிட அதிகம் வந்தது. மைக்கேல் டீலும் வோல்ஃப்காங் ஸ்ட்ரோபும் 1987-இல் முக்கியக் காரணத்தைக் காட்டினார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், காத்திருக்கையில் தன் யோசனை நழுவிவிடும். நம் வகுப்புகளில் இன்னொன்றும் சேரும். நன்றாகப் பேசுகிற ஒருவன் சொன்னது மூன்றாவது நிமிஷத்தில் முடிவாகிவிடும்.

ஆகவே எழுதி மாற்றுங்கள். 1968-இல் பெர்ண்ட் ரோர்பாக் வகுத்தது ஆறு பேர், மூன்று யோசனை, ஐந்து நிமிஷம். நால்வருக்கு இப்படி: ஆளுக்கொரு ஏ4 தாள், அதில் மூன்று பத்தி, நான்கு வரிசை. முதல் 5 நிமிஷத்தில் மூன்று யோசனை, ஒவ்வொன்றும் சின்னப் படமும் ஒரு வரியும். தாளை வலப்பக்கம் கொடுங்கள். வந்த தாளிலுள்ளதைப் பார்த்து அதற்குக் கீழே மூன்று. நான்கு சுற்றில் 20 நிமிஷம், 48 யோசனை. பேச்சே கூடாது. இரண்டாம் சுற்றின் நடுவில் எல்லோருக்கும் வறண்டுபோகும், அது வழக்கம்தான், நிறுத்தாதீர்கள். தெரிந்ததெல்லாம் தீர்ந்த பிறகுதான் புதியது வரும்.

கேள்வியைச் சரியாக வைப்பது முக்கியம். "முதுகுவலியை எப்படித் தீர்ப்பது?" பெரிது. "நாற்காலியை எப்படி மடக்குவது?" குறுகியது. "சுளகு உடம்போடு ஒட்டியிருக்க, தலை குனியாமல் எப்படி?" சரியான அளவு. ஓர் அமர்வுக்கு ஒரே கேள்வி, ஒரு நாளில் இரண்டு அமர்வுக்கு மேல் வேண்டாம்.

பிறகு கருவி செய்ய வேண்டிய வேலைகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கிடைத்த வழிகளை அட்டவணை போடுங்கள்: சுளகைத் தாங்குவது (5 வழி), முதுகைத் தாங்குவது (3), கால் வைக்கும் விதம் (4). பெருக்கினால் 60 சேர்க்கை. ஒத்துவராதவற்றை அடித்தால் பத்துப் பன்னிரண்டு நிற்கும்.

நான்காம் வாரம்: கழித்து, அட்டையில் செய்து பார்ப்பது

ஸ்டூவர்ட் ப்யூவின் ஒப்பீட்டு அட்டவணை போதும். இன்றைய முறையை, அதாவது மடியிலிருக்கும் சுளகை, அளவுகோலாக வையுங்கள். ஒவ்வொரு யோசனையும் ஒவ்வொரு தேவையிலும் அதைவிட மேலா (+), கீழா (−), சமமா (0)? கூட்டிப் பார்த்து அதிக மதிப்பெண் எடுத்ததைத் தேர்ந்துவிடாதீர்கள். நேரத்திலும் விலையிலும் கழித்தல் வாங்கியது எட்டுக் கூட்டல் வாங்கியிருந்தாலும் செத்த யோசனைதான். ஒன்றில் குறை, மற்றொன்றில் நிறை என்றிருக்கும் இரண்டை ஒட்ட முடியுமா என்று பாருங்கள்.

மிஞ்சிய மூன்றை முழு அளவில் அட்டையில் செய்யுங்கள். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்து மளிகை, ஃபேன் கடைகளில் தடித்த அட்டைப்பெட்டி கிடைக்கும். இரண்டு அடுக்கை ஒன்றன் வரி மற்றதற்குக் குறுக்காக ஓடும்படி ஃபெவிகாலில் ஒட்டினால் ஒரு சுளகின் பாரத்தைத் தாங்கும். ஆள் உட்காரும் பகுதியை அட்டையில் செய்யாதீர்கள், செங்கல்லும் பலகையும் வைத்து உயரத்தை மாற்றிப் பாருங்கள். கணினியில் வரையும் கேட் (CAD) வரைபடம் இப்போது வேண்டாம். திரையில் அழகாக நிற்கும் 18 செ.மீ. உயரம் முழங்காலில் இடிக்கிறதா என்பதை மென்பொருள் சொல்லாது.

மூன்றையும் தூக்கிக்கொண்டு அதே வீட்டுக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு கட்டு, 100 பீடி சுற்றச் சொல்லி நேரம் அளந்து, சிந்திய தூளை எடை போடுங்கள். அவருடைய நேரத்துக்கான கூலியைக் கொடுத்துவிடுங்கள், சோதனையில் கெட்டுப்போகும் இலைக்கும் சேர்த்து. முதல் கட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள், கை பழகுவதற்கு அது. "எப்படி இருக்கு?" என்றால் "நல்லாத்தான் இருக்கு" என்பார். அதை எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் நம்பாதீர்கள். நூறு முடிந்ததும் மாதிரியை அங்கேயே விட்டுவிட்டுப் பத்து நிமிஷம் வேறு பேச்சு பேசுங்கள். அடுத்த கட்டைச் சுற்ற அவர் உங்கள் மாதிரியை இழுத்துக்கொள்கிறாரா, சுளகை மடிக்கே கொண்டுபோகிறாரா என்று பாருங்கள்.

மடிக்கே போனால் தேவைப் பட்டியலில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ஓரமாக ஒட்டிவைத்த அந்தச் சேராத சீட்டுகளை முதலில் எடுத்துப் படியுங்கள். இழுத்துக்கொண்டால் அந்த மாதிரியின் அளவுகளோடு, மூன்று மாதிரிகளின் நேரக் கணக்கையும் சேர்த்து முதல் ரிவ்யூ கோப்பில் வைத்து, படிவத்தில் தலைப்பைத் திருத்தித் தரும்படி கைடிடம் கேளுங்கள்.